அட்வான்ஸ் பணமும் எஸ்சி-100 படிவமும்

குழு: தெற்குத்தெரு சொந்தங்கள்

உமா (ஃப்ரீமான்ட்): யாராவது முழித்திருக்கிறீர்களா? ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோர்ட் படிவத்தை நிரப்பி சேவ் பண்ணினேன், காலையில் திறந்தால் எல்லாக் கட்டமும் காலி. அழுகையே வந்துவிட்டது.

சாந்தி அத்தை: கோர்ட்டா? என்ன மருமகளே, மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார்தானே?

உமா: அவருக்கு ஒன்றும் இல்லை அத்தை. பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸ் 3,200 டாலரைத் தரவில்லை. செப்டம்பர் 30 சாவி கொடுத்தோம். கலிஃபோர்னியாவில் 21 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும், இல்லை எதற்குப் பிடித்தார்கள் என்று கணக்காவது அனுப்ப வேண்டும். இரண்டும் வரவில்லை, ஃபோனையும் எடுப்பதில்லை.

அருண் (சாக்ரமென்டோ): மதினி, ஃபோனில் ப்ரவுசருக்குள்ளேயே நிரப்பினீர்களா?

உமா: ஆமாம்.

அருண்: அதுதான் வினை. பிடிஎஃப்பை லேப்டாப்பில் இறக்கி, வேறு பெயர் போட்டு வைத்து, அடோபி ரீடரில் திறங்கள். இரண்டு வரி அடித்ததும் சேவ் பண்ணி, மூடி, மறுபடி திறந்து பாருங்கள், எழுத்து நின்றால் மேலே போகலாம். அடியில் அச்சிட, சேமிக்க, அழிக்க என்று மூன்று பட்டன் இருக்கும். அழிக்கிற பட்டனைத் தெரியாமல் தட்டிவிட்டு நான் ஒரு தடவை முதலிலிருந்து அடித்தேன்.

உமா: வெறுத்துப்போய் வேர்டில் நானே ஒரு படிவம் தயார் பண்ணலாமா என்றுகூட யோசித்தேன்.

அருண்: வாங்க மாட்டார்கள். நீங்கள் நிரப்பும் எஸ்சி-100, அதாவது வழக்குப் போடும் படிவம், கட்டாயப் படிவம்; கட்டத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை. காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தருகிற தளங்களும் உண்டு, அவை தருவதும் இதே இலவசப் படிவம்தான்.

பெரியப்பா: உமா, வக்கீல் யார்?

உமா: இது ஸ்மால் கிளெய்ம்ஸ், சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட் பெரியப்பா, விசாரணையில் நமக்காக வக்கீல் நிற்க முடியாது. அவருக்கும் அப்படித்தான்.

பெரியப்பா: அப்படியானால் நீதான் பிராது எழுத வேண்டும். படிவத்தை இங்கே போடு. முப்பது வருஷம் முன்சீஃப் கோர்ட்டில் பிராது வாங்கி நம்பர் போட்டவன் நான்.

(படம் அனுப்பப்பட்டது)

பெரியப்பா: பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. நம் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7 ரூல் 1 கேட்பதையே கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறான். வாதி யார், பிரதிவாதி யார், எவ்வளவு, எதற்கு. "எப்போது நடந்தது" என்று கேட்கிறானே, அதுதான் நாம் எழுதும் வியாஜ்ய மூலம், வழக்கு எழுந்த காரணம். "ஏன் இந்தக் கோர்ட்டில்" என்பது அதிகார எல்லை. 1908 சட்டத்தின் பின்னிணைப்பிலேயே கடன் கொடுத்த பணத்துக்கு மாதிரிப் பிராது உண்டு, நாலைந்து வரிதான் இருக்கும். நம் ஆட்கள்தான் அதைப் பன்னிரண்டு பக்கம் ஆக்குவார்கள். சரி, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர்?

உமா: ஏதோ ஒரு எல்எல்சி, ஒரு வகைக் கம்பெனி. எனக்குத் தெரிந்தது அந்த மனிதர் மட்டும்தான்.

பெரியப்பா: பிரதிவாதி பெயரைத் தப்பாகப் போட்டால் தீர்ப்பு (டிகிரி) வாங்கியும் வசூல் ஆகாது. அதை முதலில் சரி செய்.

அருண்: பெரிய மாமா சொல்வது சரி. மாநிலத்தின் கம்பெனிப் பதிவு தளத்தில் அந்த எல்எல்சியைத் தேடுங்கள், காசு கிடையாது. சம்மன் வாங்க ஏஜென்ட் என்று ஒருவர் பெயர் இருக்கும், இரண்டாம் கட்டத்தில் அதையும் எழுத வேண்டும்.

உமா: எவ்வளவு கேட்கலாம்?

அருண்: வேண்டுமென்றே பிடித்து வைத்திருந்தால் அட்வான்ஸைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் கேட்கலாம். அதைச் சேர்த்தால் 9,600. தனி ஆளுக்கு வரம்பு 12,500. 5,000-க்கு மேல் போனால் கட்டணம் 75 டாலர், வெறும் 3,200 என்றால் 50. அபராதம் தருவதும் தராததும் ஜட்ஜ் கையில்.

பெரியப்பா: 75 டாலர் மட்டுமா? இங்கே தமிழ்நாட்டில் பணத் தாவாவுக்குக் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய். 2017-க்கு முன்னால் ஏழரை.

உமா: மூன்றாம் கட்டத்தில் எழுதியது பாதியிலேயே நின்றுவிட்டது, மேலே அடித்தால் ஏறவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, அவர் என்னிடம் கத்தியது, பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் எழுதியிருந்தேன்.

அருண்: இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி, மேலே "எஸ்சி-100, 3" என்று குறித்து இணைக்கலாம்.

பெரியப்பா: தனித்தாள் எதற்கு? குழாய் ஒழுகியதற்கும் அட்வான்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இப்படி எழுது: அட்வான்ஸ் 3,200 கொடுத்தோம். செப்டம்பர் 30 காலி செய்து சாவி ஒப்படைத்தோம். 21 நாள் கடந்தும் பணமும் வரவில்லை, கணக்கும் வரவில்லை. முடிந்தது. ஒப்பந்தம், செக் நகல், காலி செய்த அன்று எடுத்த படங்கள் விசாரணைக்கு.

உமா: நாலாவது கட்டத்தில், வழக்குக்கு முன் பணம் கேட்டீர்களா என்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பினேன்.

பெரியப்பா: ஒரு கடிதமும் அனுப்பு, தேதியும் தொகையும் போட்டு. நகல் வைத்துக்கொள்.

அருண்: கையெழுத்துக்கு மேலே இருப்பதையும் படியுங்கள் மதினி. பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்தே கையெழுத்திடுகிறீர்கள். இன்னொன்று, தோற்றால் வழக்குப் போட்டவருக்கு அப்பீல் கிடையாது. எதிராளிக்கு உண்டு.

சாந்தி அத்தை: இதென்ன நியாயம்?

அருண்: இந்தக் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே அம்மா.

உமா: கோர்ட் படிவத்தை ஏற்றுக்கொண்டால், அதன் நகலைப் பழைய வீட்டுக்காரரிடம் என் கணவரே போய்க் கொடுக்கலாமா?

அருண்: கூடாது. ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருந்தால் அவரும் வாதி. வழக்கில் இல்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்க வேண்டும், அதே கவுண்டி (மாவட்டம்) என்றால் விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்னால். கொடுத்தவர், கொடுத்ததற்குச் சான்றாக எஸ்சி-104 படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவார். நான் சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன்.

சாந்தி அத்தை: கல்யாணப் பத்திரிகை மாதிரி நேரில் போய் வைக்கணுமா!

உமா: ஆமாம் அத்தை, வெற்றிலை பாக்கு மட்டும் கிடையாது.

பெரியப்பா: வாய்தா தேதி விழுந்ததும் இங்கே போடு.