‘அஜிலிட்டி’க்குத் தமிழ்ச் சொல்: சுறுசுறுப்பா, துனைவா, லாவகமா?

உடற்கல்வி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் கபடி, கோ-கோ அணிகளில் ஆடும் ஒன்பதாம் வகுப்பு மாணவரையும், பயிற்சி பெறாத வகுப்புத் தோழரையும் கால் வலிமையிலும், சட்டென வேகமோ திசையோ மாற்றி இயங்கும் அஜிலிட்டியிலும் (agility) ஒப்பிட்டு அளக்கவிருக்கிறோம். பெற்றோருக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அஜிலிட்டியைச் சுறுசுறுப்பு என்று எழுதினால், தம் பிள்ளை சோம்பேறியா என்று சோதிக்கிறோம் எனப் பெற்றோர் எண்ணிவிடுவர். வேறு சொல் தந்து உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, தொல்காப்பியர் இரண்டுக்குமே சொல் வைத்திருக்கிறார். சொற்பொருள் கூறும் உரியியல் பகுதியில் ‘வய வலியாகும்’ என்கிறார். ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்றும் சொல்கிறார். விரைந்தோடும் குதிரையைச் சங்கப் புலவர் கதழ்பரி என்று பாடியதால், கதழ்வை நேரோட்டத்துக்கு விட்டுவிட்டு, துனைவை அஜிலிட்டிக்குக் கொள்ளலாம். துனைவும், நெருங்குதலைக் குறிக்கும் துன்னுதலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. எதிரணியை நெருங்கித் தொட்டு மீளும் கபடிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

இயன்முறை மருத்துவர்:
ஐயா, விரைவு மட்டும் போதாது. விளையாட்டு அறிவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் யங்கும் 2006-இல் தந்த வரையறை, ஒரு தூண்டலுக்கேற்ப உடல் முழுவதும் வேகத்தையோ திசையையோ சட்டென மாற்றுவதை அஜிலிட்டி என்கிறது. கோ-கோவில் துரத்துபவர் ஒரு திசையில் சென்றுவிட்டால் திரும்பக்கூடாது. தப்பி ஓடுபவரோ துரத்துபவரின் போக்கைப் பார்த்துப் பார்த்துத் திரும்புகிறார். ஆனால் இல்லினாய் சோதனையில், 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட தடத்தில் கூம்புகளைச் சுற்றி ஓடும் பிள்ளைக்கு வழி முன்னமே தெரியும் என்பதால், அங்கே அளக்கப்படுவது திசைமாற்று விரைவுதான். அதை நடத்துவதானால் படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். செங்குத்துத் தாவலைக் கால் வலிமை என்று எழுதிவிடாதீர்கள். வலிமையோடு வேகமும் சேர்ந்த அந்த அளவைப் பள்ளி இயற்பியல் நூல் திறன் என்கிறது. ஆகவே ‘திரும்புதிறன்’ போன்ற ஆக்கங்களையும் தவிர்ப்போம்.

மொழிபெயர்ப்பாளர்:
‘லாவகமாக நழுவினார்’ என்று கபடித் திடலில் எவரும் சொல்வர்; பெற்றோருக்கு அது உடனே புரியும். ‘பயிற்சி பெறாத’ என்பதும் நெருடுகிறது. மாலை முழுதும் தெருவில் ஓடிப்பிடித்து ஆடும் பிள்ளையின் காலும் பழகிய கால்தான். ‘அணியில் சேராத’ என்பதே நேர்மை.

தமிழாசிரியர்:
லகரம் மொழிமுதலாகாது என்பது நன்னூலார் துணிபு. இகரம் சேர்த்து இலாவகம் என்றாலும், அது லாகவம் என்னும் வடசொல் எழுத்து இடம்மாறி வந்த வடிவம்.

இயன்முறை மருத்துவர்:
வீணை மீட்டும் விரலுக்கும் லாவகம் உண்டு என்பதே எனக்குத் தடை. ‘அணியில் சேராத’ என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். இவ்வயதில் வளர்ச்சி முந்திய பிள்ளை பயிற்சியின்றியே உயரத் தாவும் என்பதால், உயரத்தையும் எடையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடற்கல்வி ஆசிரியை:
அனைவருக்கும் நன்றி. கால் வலிமை, திசைமாற்று விரைவு, அணியில் சேராத மாணவர் என்றே படிவம் அச்சுக்குப் போகிறது.

தமிழாசிரியர்:
படிவம் போகட்டும், அம்மா. ஆனால் திசை மாறாமல் சட்டென வேகம் குறைத்து நிற்பதும் மருத்துவர் காட்டிய வரையறைக்குள் அடங்குகிறதே. அஜிலிட்டி முழுவதற்கும் ஒரு சொல் இன்னும் தேவை. அதற்கு என் வாக்கு துனைவுக்கே.