4×3 அடி மேசைக்கு நெப்போலியன் படை: 6 மி.மீ.யா, 28 மி.மீ.யா?

மேசைக்காரன்:
வீட்டில் இருப்பது 4 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை. பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாட, 1815 வாட்டர்லூ காலத்துப் பிரெஞ்சுப் படையும் எதிரே ஒரு பிரிட்டிஷ் படையும் சேர்க்க ஆசை. இரண்டு பக்கமும் நானேதான் வாங்கிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எந்த அளவுப் பொம்மையில் தொடங்கலாம்?

சிறுபடை:
யோசிக்கவே வேண்டாம், 6 மி.மீ. உயரப் பொம்மைதான். 1808க்குப் பிறகு ஒரு பிரெஞ்சு பட்டாலியன் (காலாட்படைப் பிரிவு) என்றால் ஏட்டுக் கணக்கில் 6 கம்பெனி, 840 பேர். மூன்று வரிசையாக நின்றால் ஏறக்குறைய 150 மீட்டர் நீளம். 28 மி.மீ. பொம்மையின் விகிதம் சுமார் 1:56. அதாவது இரண்டரை மீட்டருக்கும் மேல்! ஒரு பட்டாலியனுக்கே உங்கள் மேசை பத்தாது.

நீலக்கோட்டு:
இந்தக் கணக்கு சரியில்லை நண்பரே. 6 மி.மீ. என்பது 1:300, அதிலும் அதே பட்டாலியன் அரை மீட்டர் வரும். பொம்மையின் விகிதத்தில் தரையை யாரும் அளப்பதில்லை.

சின்ன மேசை என்றால் சின்னச் சண்டையை எடுங்கள். வாட்டர்லூ களத்தில் இருந்த லா ஹே சாந்த் பண்ணை வீடு போதும். பிரிட்டிஷ் படையில் இருந்த ஜெர்மானியர்களின் பிரிவான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் சுமார் 400 பேர், மேஜர் பாரிங் தலைமையில், தோட்டா தீரும்வரை பிடித்து நின்ற இடம். ஷார்ப் பிராக்டீஸ் என்ற விளையாட்டு விதிகளில் வீரர்கள் 8 பேர் குழுக்களாக நகர்வார்கள். பக்கத்துக்கு ஐம்பது பொம்மை இருந்தால் தாராளம். அப்புறம், பெயிண்ட் அடிக்கும் சுகம்! பிரெஞ்சு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாள் வீரர்) அணியும் ஷாகோ தொப்பியின் குஞ்சம் முதல் கம்பெனிக்குக் கரும்பச்சை, இரண்டாவதுக்கு வான நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நான்காவதுக்கு ஊதா. 6 மி.மீ.யில் அது வெறும் புள்ளி.

சிறுபடை:
அரை மீட்டர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குஞ்சத்துக்காக நெப்போலியன் காலத்தையே விட்டுவிடுகிறீர்கள். வரிசை, நெடும்படை, குதிரைப்படையைத் தடுக்கச் சதுரம் என்று எப்போது எதற்கு மாறுவது என்பதுதான் அந்தக் காலத்துப் போரின் உயிர். வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு நடந்த காத்ர் பிரா போரில் பிரிட்டிஷ் 69வது ரெஜிமென்ட் சதுரம் அமைக்கத் தொடங்கி, உத்தரவு வந்ததும் மீண்டும் வரிசைக்குத் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சுக் கியூராசியர் (மார்புக் கவசம் அணிந்த) குதிரைப்படை பாய்ந்தது. அரசரின் கொடி பறிபோனது. ஐம்பது பொம்மையில் இந்தப் பதற்றத்தைக் காட்ட முடியுமா? 60×30 மி.மீ. பேஸில் (அடித்தட்டில்) வீரர்களை நெருக்கமாக ஒட்டி, பட்டாலியனுக்கு ஒரு பேஸ் என்று வைத்தால் இதே மேசையில் இரண்டு டிவிஷன் (பல பட்டாலியன் சேர்ந்த பெரும்பிரிவு) மோதும். அடிப்பதும் எளிது: கறுப்புப் பிரைமர் (அடிப்பூச்சு), நீலக் கோட்டு, வெள்ளைப் பட்டை, முகத்துக்கு ஒரு பொட்டு.

ஓரக்காவல்:
நடுவில் ஒரு வார்த்தை. 1815தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் மைடா போரைப் பாருங்கள். 1806 ஜூலை 4, தெற்கு இத்தாலி. பிரிட்டிஷ் தளபதி ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி ரெனியேவும் பக்கத்துக்கு ஐயாயிரத்தை ஒட்டிய படையோடு மோதினார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் 20வது ரெஜிமென்ட் கரையிலிருந்து வந்து சேர்ந்தது. முழுப் போரும் சின்ன மேசையில் அடங்கும்.

நீலக்கோட்டு:
நல்ல போர்தான். ஆனால் 1806இன் சீருடை வேறு. 1815 பொம்மையை அங்கே நிறுத்தினால் எனக்கு மனசு ஒப்பாது.

மேசைக்காரன்:
முதலில் 60×30 அளவில் அட்டை வெட்டி மைடாவை ஆடிப் பார்க்கிறேன். பொம்மைக்குக் காசு போடுவது அதற்குப் பிறகு.

நீலக்கோட்டு:
செய்யுங்கள். கூடவே 28 மி.மீ.யில் ஒரே ஒரு வீரனையாவது வாங்கி அடித்துப் பாருங்கள். பெயிண்ட் வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அட்டையில் தெரியாது.