ஆணையப் பணியிலிருந்து விலகி, தொழில்நுட்ப நிறுவனங்களுக்காகப் போட்டிச் சட்டத்தில் வழக்காடலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் மூன்று ஆண்டுகள் இளையவராக இருந்தேன். அதன் பிறகு டில்லியில், சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் சட்டப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். அம்மா இங்கே தனியாக இருக்கிறார் என்பதால், சென்ற மாதம் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன்.

ஆணையத்தில் என் வேலையில் பெரும்பகுதி, போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி வரும் தகவல் மனுக்களை (போட்டியைக் கெடுக்கும் நடத்தை பற்றிய புகார்களை) படித்து, முகாந்திரம் உண்டா இல்லையா என்று உறுப்பினர்கள் முடிவெடுப்பதற்கு உதவியாகக் குறிப்பு எழுதுவதுதான். கடைசி நான்கு ஆண்டுகளில் என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் செயலி, தேடுபொறி, இணைய விற்பனைத் தளம் ஆகியவற்றைப் பற்றியவை. இப்போது ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தன் சட்டப் பிரிவில் முழுநேரப் பதவி தருவதாகச் சொல்கிறது. இன்னொரு பக்கம், மீண்டும் சன்னதை (வழக்கறிஞர் பதிவை) உயிர்ப்பித்துத் தனியாகத் தொழில் செய்யலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். சட்டமும் தொழில் நெறியும் எனக்கு எங்கே கோடு போடுகின்றன? இந்த நிறுவனங்கள் என்னைப் போன்றவரிடம் உண்மையில் எதை எதிர்பார்க்கின்றன? நெல்லையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகள் ஒரு பக்கம் உட்கார்ந்து படித்த மனுக்களை இனி எதிர்ப் பக்கம் உட்கார்ந்து படிப்பது சரிதானா என்ற உறுத்தல் என்னைத் தூங்கவிடவில்லை.

*

பதில் 1: மதுரைக் கிளை வழக்கறிஞர், சொந்த ஊர் அம்பாசமுத்திரம்

தம்பி, உறுத்தல் இருப்பது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

போட்டிச் சட்டம், 2002-இன் 12-ஆம் பிரிவு, ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் பதவியை விட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, ஆணையத்தின் முன் ஒரு தரப்பாக இருந்த நிறுவனத்தின் நிர்வாகத்தில் வேலை ஏற்கக் கூடாது என்கிறது. நீங்கள் உறுப்பினர் அல்ல, அலுவலர். ஆகவே அந்தப் பிரிவு உங்களை நேரடியாகக் கட்டாது. ஆனால் உங்கள் பணி விதிகளும், பணியிலிருந்து விடுவித்த ஆணையில் உள்ள நிபந்தனைகளும் கட்டும். "எனக்கு இன்ன தடை உண்டா" என்று பழைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக யாரோ "ஒன்றுமில்லை, போங்கள்" என்றதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இதைவிட முக்கியமானது 57-ஆம் பிரிவு. சட்டத்தின் பணிக்காக ஆணையம் ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்ற தகவலை, அந்த நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியின்றி, சட்டத்தின் தேவைக்கு அப்பால் வெளியிடக் கூடாது. அதற்கு 2 ஆண்டு, 5 ஆண்டு என்று எந்தக் கணக்கும் இல்லை. நீங்கள் படித்த ரகசியப் பதிப்புகளில் இருந்த விலை விவரமும் ஒப்பந்த வாசகமும் உங்களுடையவை அல்ல. உங்கள் நினைவில் இருப்பதாலேயே அவை உங்களுடையவை ஆகிவிடாது. நீங்கள் குறிப்பு எழுதிய எந்த வழக்கிலும், எந்தத் தரப்புக்காகவும், எத்தனை ஆண்டு கழித்தும் வக்காலத்து போடக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்பதைவிட இது ஒருபடி அதிகம்தான். ஆனால் நம் தொழிலில் பெயர் ஒருமுறை கெட்டால், தாமிரபரணியில் எத்தனை முறை முங்கினாலும் போகாது.

அடுத்தது முழுநேரப் பதவி. பார் கவுன்சில் விதி 49-இன்படி, சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. அந்தப் பதவியில் இருக்கும்வரை உங்கள் சன்னது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். நிறுவனத்தின் உள் ஆலோசகரிடம் சொல்வதற்கும் வெளி வழக்கறிஞரிடம் சொல்வதற்கும் இடையே இன்னொரு பெரிய வேறுபாடும் இருக்கிறது. பாரதிய சாட்சிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 132-ஆம் பிரிவு வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குத் தரும் பாதுகாப்பு, நிறுவனத்தின் சம்பள ஆலோசகருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை போட்டிச் சட்ட விசாரணைகளை நடத்தும் தலைமை இயக்குநரின் அலுவலர்கள் சோதனைக்கு வந்தால், நீங்கள் உள்ளே இருந்து எழுதிய எச்சரிக்கை மின்னஞ்சலே நிறுவனத்துக்கு எதிரான சான்றாகலாம். இதையெல்லாம் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், சன்னதைத்தான் உயிர்ப்பிக்கச் சொல்வேன்.

*

பதில் 2: தென்காசியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர்

நான் சில ஆண்டுகள் விசாரணைப் பிரிவில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதங்களில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு சொற்களில் கேட்டார்கள்: "அந்த உறுப்பினர் எப்படிப்பட்டவர்? அங்கே யாரைத் தெரியும்?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை என்று முதல் சந்திப்பிலேயே கூறிவிடுவேன். சிலர் அத்தோடு போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களால் எனக்கு இழப்பு ஏதுமில்லை. மீதியிருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது, விசாரணை அலுவலர் ஒரு காகிதத்தை எப்படிப் படிப்பார் என்ற அறிவுதான். அதை விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அது எந்தக் கட்சிக்காரரின் ரகசியமும் அல்ல. பயிற்சியால் வந்த கண்.

ஒன்றை அருகிலிருந்து காட்டுகிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வெளியிடவிருக்கும் புதிய சேவையைப் பற்றி ஓர் இளைஞர் திரையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது பக்கத்தில், "ஓராண்டுக்குள் வாடிக்கையாளர் வேறு எங்கும் போக முடியாதபடி செய்வது" என்று இலக்கு எழுதியிருந்தது. அவர் சொல்ல வந்தது, சேவை அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான். அதில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனால் விசாரணையில் இருந்தபோது நான் தேடிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட வரியைத்தான். நான் அதை அழிக்கச் சொல்லவில்லை. அழிப்பது வேறு குற்றமாக முடியும். சேவையிலிருந்து வெளியேறும் வாடிக்கையாளர் தன் தரவை எப்படி எடுத்துச் செல்வார், அதற்கு எத்தனை நாள் ஆகும், எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். மூன்றுக்கும் அவர்களிடம் விடை இல்லை. அன்று மாலைக்குள் அந்த வசதியைச் சேவையிலேயே சேர்த்துக் கட்டுவதென்று முடிவானது. இப்படி வழக்கு வருவதற்கு முன்பே நடக்கும் வேலைதான் இதில் முக்கால் பங்கு.

மீதிக் கால் பங்கில் அதிகம் போராட வேண்டியது 'தொடர்புடைய சந்தை' எது, அதாவது எந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை என்பதைப் பற்றி. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையை மறுபடி எடுத்துப் படியுங்கள். இப்போது வேறு கண்ணோடு. உரிமம் கொடுத்துப் பிறர் கைப்பேசியில் நிறுவக்கூடிய இயங்குதளம் என்று சந்தையை வரையறுத்த அந்த இடத்திலேயே, யாருக்கும் உரிமம் தராத ஆப்பிளின் இயங்குதளம் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. வழக்கின் பாதி அங்கேயே முடிவாகிவிட்டது என்பேன். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் வழிகாட்டுதல்களில் நான்கை நீக்கியது. நடத்தையால் சந்தையில் விளைந்த பாதிப்பையும் ஆராய வேண்டும் என்றும் சொன்னது. கூகுளின் பிளே ஸ்டோர் கட்டண முறை வழக்கில் 936.44 கோடி ரூபாயாக இருந்த அபராதம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது. எந்த விற்றுமுதலை (மொத்த விற்பனை வருவாயை) கணக்கில் எடுப்பது என்ற ஒரு கேள்வியில் இத்தனை கோடி அடங்கியிருக்கிறது. ஆகவே கணக்குப் புரியாத வழக்கறிஞருக்கு இந்தத் துறையில் வேலையில்லை. நல்ல பட்டயக் கணக்காளர் ஒருவரையும் பொருளியல் படித்த ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். போட்டிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி பட்டயக் கணக்காளரும் நிறுவனச் செயலரும் ஆணையத்தின் முன் தோன்றலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலை கூடியிருக்கிறது. அபராதத்தின் உச்சவரம்பு இப்போது உலகளாவிய விற்றுமுதலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2024 செப்டம்பர் 10 முதல், ஒரு நிறுவனத்தை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குவதற்கு, வாங்கப்படும் நிறுவனத்துக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், விற்றுமுதல் சிறிதாக இருந்தாலும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். இது தொழில்நுட்ப நிறுவனங்களை மனத்தில் வைத்தே வந்த விதி. சமரசத் தீர்வும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி வழக்கு 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய்க்கு அப்படித்தான் முடிந்தது. எந்தக் கட்டத்தில் சமரசத்துக்குப் போகலாம், எந்தக் கட்டத்தில் போராட வேண்டும் என்று சொல்ல, ஆணையத்தின் உள்ளிருந்து கோப்பு நகர்வதைப் பார்த்தவரால் முடியும்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. ஆணையத்தின் விசாரணைகள் பலவும் காணொளியில் நடக்கின்றன. சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது. வந்தே பாரத்தில் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குள் எழும்பூர். எங்கள் ஊர்ப் பக்கம் மத்தளம்பாறையில், வயல்களுக்கு நடுவே இருந்துகொண்டு உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். சட்டம் எழுதுபவர் மட்டும் ஏன் டில்லியில் இருக்க வேண்டும்? இறுதி வாதத்துக்கு மட்டும் நேரில் போய் நில்லுங்கள்.

*

பதில் 3: பத்தமடை, பாய் வியாபாரம்

தம்பிக்கு வணக்கம். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் இந்த உரையாடல் முழுவதையும் படித்தேன். கோரைப்பாய் நெய்யும் பதினான்கு குடும்பங்களின் சரக்கை ஓர் இணைய விற்பனைத் தளத்தில் விற்றுவருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை "பத்தமடைப் பாய்" என்று தேடினால் எங்கள் பாய் முதல் வரிசையில் வரும். பிறகு தளத்துக்கு வேண்டிய விற்பனையாளர் ஒருவர், விசைத்தறியில் அடித்த பாயை அதே பெயரில் போட்டார். இன்று எங்கள் பாயைப் பார்க்க ஐந்தாம் பக்கத்துக்குப் போக வேண்டும். முறையிட்டால், இயந்திரம் எழுதிய பதில்தான் வருகிறது. எல்லோரும் பெரிய நிறுவனத்துக்கு எப்படி ஆலோசனை சொல்வது என்றே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் உட்கார யார் இருக்கிறார்கள்? நீங்கள் நம்ம ஊருக்கே வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். எங்களுக்காக ஒரு மனு எழுதித் தர முடியுமா? தளத்தின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

*

பதில் 4: மதுரைக் கிளை வழக்கறிஞர்

அண்ணாச்சி கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொழில்நுட்ப நிறுவனம் என்றாலே எதிர்த்தரப்பு என்று நினைத்துவிடக் கூடாது; மனுதாரரும் அதே துறையினராக இருக்கலாம். தேடலில் பாரபட்சம் காட்டியதற்காக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதற்கு மூலமான தகவல் மனுக்களில் ஒன்று, சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் 2012-இல் கொடுத்தது.

அண்ணாச்சி ஒன்றை மட்டும் உடனே கவனிக்க வேண்டும்: 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மனுவுக்கான காரணம் எழுந்த 3 ஆண்டுகளுக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஆண்டு ஏற்கெனவே போய்விட்டது. பழைய திரைப் பிரதிகள், மாதவாரி விற்பனைக் கணக்கு, தளத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள்.

*

கேள்வி கேட்டவர்: பாளையங்கோட்டைக்காரர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. முழுநேரப் பதவியை ஏற்க இயலாது என்று அந்த நிறுவனத்துக்கு நேற்று எழுதிவிட்டேன். சன்னதை உயிர்ப்பிக்க பார் கவுன்சிலுக்கு விண்ணப்பம் தயாராகிறது. பணி விதிகளைப் பற்றி ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போய்விட்டது. அக்கா சொன்னபடி, முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரிடம் கொடுப்பதற்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறேன்: நான் எதைச் சொல்வேன், எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று.

பத்தமடை அண்ணாச்சி, உங்கள் தனிச் செய்தியைப் படித்தேன். அந்தத் தளத்தைப் பற்றிய எந்த வழக்கையும் நான் தொட இயலாது. காரணத்தைக் கேட்காதீர்கள், அதைச் சொல்வதும் எனக்கு முறையல்ல. உங்கள் பாயில் உட்கார்ந்து படித்துத்தான் நான் வளர்ந்தேன் என்பதால், இதை எழுதுவதற்குக் கை வரவில்லை. உங்களுக்கு மனு எழுதித் தரும் முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. இருந்தாலும், பெரிய நிறுவனம் கேட்டபோது மறுப்பதற்குச் சொன்ன அதே காரணத்தை, வேண்டியவர் கேட்கும்போது மறந்துவிட முடியாது.

ஐயா, உங்கள் அலுவலகத்தில் யாராவது இந்த மனுவை எடுத்துக்கொள்ள முடியுமா?

*

பதில் 5: மதுரைக் கிளை வழக்கறிஞர்

எடுத்துக்கொள்கிறோம். அண்ணாச்சி, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்கு வந்துவிடுங்கள். என் இளையவர் ஒருவர் அங்கே இருப்பார். கணக்குப் புத்தகத்தோடு, உங்கள் பாயில் ஒன்றும் அந்த விசைத்தறிப் பாயில் ஒன்றும் கொண்டுவாருங்கள். தம்பி, நீங்கள் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம்.