தோட்டத்துல யாரும் பால்ல தண்ணி கலக்கலையாமே?

ஒட்டுப்பால் (#1)
நேத்து ராத்திரியிலேருந்து நம்ம மலேசியா சுங்கை சிப்புட் ஊர் வாட்ஸ்அப் குழு அத்தனையிலயும் ஒரு குரல்பதிவு சுத்துது. ஆறு நிமிஷம். கேக்காதவங்களுக்குச் சாரம் இதான்: "ரப்பர் தோட்டத்துல இருந்தவரைக்கும் நம்ம சனங்க ரப்பர் பால் வாளியில ஒரு சொட்டுத் தண்ணி கலந்தது கிடையாது. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம், ஒழுக்கம் போச்சு. இப்ப பிள்ளைங்ககிட்ட சரி தப்பு பேசினா, அது உங்க நியாயம் இது எங்க நியாயம்ங்குது."

ஒரு சொட்டு கூட இல்லையாம். அப்ப பால் அளக்கிற ஸ்டோருக்கு ஸ்டோர் மெட்ரோலாக் எதுக்குய்யா வெச்சிருந்தான்? அழகுக்கா?

தெரியாதவங்களுக்கு: மெட்ரோலாக்குங்கிறது ஒரு மிதவை. ஒரு பங்கு பால், ரெண்டு பங்கு தண்ணி, நல்லாக் கலக்கி ஜாடியில ஊத்தி, நுரையைத் தள்ளிட்டு மிதக்க விடணும். வர்ற எண்ணை மூணால பெருக்கினா லிட்டருக்கு எத்தனை கிராம் காய்ஞ்ச ரப்பர்னு தெரியும். ரப்பர் தண்ணியை விட லேசு. பால் கெட்டியா இருந்தா மிதவை முங்கும், தண்ணி சேந்தா மேல எழும்பும். யாருமே தண்ணி கலக்காத ஊர்ல இப்படி ஒரு சாமானைத் தினமும் முக்கிப் பாக்கணும்னு எவனுக்குத் தோணுச்சு?

பழைய_லயம் (#2)
என்னா அண்ணே, செத்தவங்க மேல பழியா? அவங்க எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாங்கன்னு தைரியமா?

உங்க கணக்கையே எடுத்துக்குவோம். லிட்டருக்கு 350 கிராம் இருக்கிற பால் 20 லிட்டர். காய்ஞ்ச ரப்பர் 7 கிலோ. அதுல 2 லிட்டர் தண்ணி ஊத்து. 22 லிட்டர் ஆச்சு, மெட்ரோலாக் 318 காட்டும். 22ஐ 318ஆல பெருக்கு. அதே 7 கிலோ! காய்ஞ்ச ரப்பருக்குத்தான் காசுன்னா தண்ணி ஊத்தறவனுக்கு என்ன லாபம்? ரெண்டு லிட்டரைத் தோள்ல காண்டாக்கம்புல சும்மா சுமந்து வர அவனுக்குப் பைத்தியமா? பால் எல்லா நாளும் ஒரே கெட்டியா வராது, மரத்துக்கு மரம் மாறும், மழைக்கு மாறும். அதுக்குத்தான் மெட்ரோலாக். திருடன் புடிக்க இல்ல.

ஆக, கலக்கல. முடிஞ்சது கதை.

ஒட்டுப்பால் (#3)
முடியல. இப்பத்தான் ஆரம்பம்.

லாபம் இல்லைங்கிறது ஸ்டோர்ல அளக்கிற கிராணி (குமாஸ்தா) ஒவ்வொரு வாளியையும் ஒழுங்கா அளந்தா மட்டும். முந்நூறு பேர் காலைல பெரட்டுல (பேர் கூப்பிடறப்ப) நிக்கிற தோட்டத்துல பதினோரு மணி வெயில்ல அது நடக்குமா? அவசரத்துல இன்னைக்கு எல்லாத்துக்கும் முப்பத்து மூணு விழுக்காடுன்னு ஒரே எண்ணைப் போட்டா, ஊத்தின தண்ணி ஒவ்வொரு லிட்டரும் 330 கிராம் ரப்பரா மாறிடும். 2 லிட்டருக்கு 660 கிராம், ஆகாசத்துலேருந்து. வாளியை அடிவரைக்கும் கலக்காம மேலாகக் கரண்டி போட்டாலும் கணக்கு தப்பும். நுரையைத் தள்ளாம நுரை மட்டத்துல படிச்சாலும் தப்பு, அதுவும் மரம் வெட்டிப் பால் எடுக்கிற வெட்டுக்காரருக்குச் சாதகமா. மெட்ரோலாக் தண்டுல மேல போகப் போகத்தான் எண்ணு பெருசு.

இன்னொண்ணு. மங்கு கழுவின தண்ணி. மங்குல, அதான் மரத்துல பால் வடியற கிண்ணத்துல, ஒட்டின பாலைத் தண்ணி விட்டு அலசி வாளியில சேக்கறது. அதை யாரும் கலப்படம்னே சொன்னதில்ல, சிக்கனம்னுதான் பேரு. ஆனா தண்ணி தண்ணிதானே? ஒரு சொட்டு கூடக் கலக்கலன்னு சொல்றவர் இதுக்குப் பதில் சொல்லட்டும்.

தராசுமுள் (#4)
ரெண்டு பேரும் வெட்டுக்காரன் வாளியையே எட்டிப் பாக்கறீங்களே, கிராணி ஜாடியை எவனும் பாக்கலையா?

ரெண்டு பங்கு தண்ணி ஊத்த வேண்டிய இடத்துல ரெண்டேகால் பங்கு ஊத்தினா என்ன ஆகும்? 350 இருக்கிற பால். மூணால வகுக்க வேண்டியது மூணேகாலால வகுபடுது. மிதவை 107, 108ன்னு காட்டும். ஆனா பெருக்கறது என்னவோ மூணாலதான். 323. லிட்டருக்கு 27 கிராம் போச்சு. 20 லிட்டருக்கு அரை கிலோவுக்கு மேல போச்சு. ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு! இது தோட்டத்துக்கே லாபம், கிராணிக்குப் பாராட்டு. அவன் ஊத்தினா அளவை, இவன் ஊத்தினா திருட்டு. அதே தண்ணி.

அதனாலதான் சொல்றேன், நியாயம்ங்கிறது நீ எந்தப் பக்கம் நிக்கிறேங்கிறதைப் பொறுத்தது. பிள்ளைங்க சொல்றது சரிதான்.

பழைய_லயம் (#5)
வந்துட்டாரய்யா! அவன் திருடினா நானும் திருடலாம், ரெண்டும் கழிஞ்சு பூஜ்யம். இதைத்தான் அந்தக் குரல்பதிவுல ஒழுக்கக்கேடுன்னு சொன்னாங்க. உதாரணம் கேட்டா இவரே வந்து நிக்கறார், நன்றி.

தண்ணீர்ப்பந்தல் கணக்கு கேட்டப்பவும் இதே மாதிரி "எல்லாம் பார்வை"ன்னு நழுவினவர்தானே. மறக்கல.

தராசுமுள் (#6)
தண்ணீர்ப்பந்தல் கணக்கு நோட்டீஸ் பலகையில ஒட்டியாச்சு. கண்ணாடி போட்டுட்டுப் போய்ப் படிங்க. இங்க கேள்வி ரெண்டேகால்.

நன்னெறி_டீச்சர் (#7)
வணக்கம். கொஞ்சம் நிதானமாப் பேசலாமே. நீங்க எல்லாரும் ரெண்டு வேற வேற விஷயத்தைக் குழப்பிக்கிறீங்க. வழக்கங்கள் இடத்துக்கு இடம் மாறுதுங்கிறது ஒரு தகவல். அதனால எது சரிங்கிறதே இடத்துக்கு இடம் மாறும்னு சொல்றது ஒரு முடிவு. முதலாவதுலேருந்து ரெண்டாவது தானா வந்துடாது. பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கார்: பாரசீக மன்னன் டேரியஸ், பெத்தவங்க உடலை எரிக்கிற கிரேக்கர்களையும், சாப்பிடுற கல்லாத்தியர்ங்கிற இனத்தாரையும் கூப்பிட்டு, எவ்வளவு காசு கொடுத்தா மத்தவங்க வழக்கத்துக்கு மாறுவீங்கன்னு கேட்டான். ரெண்டு பேரும் முடியவே முடியாதுன்னுட்டாங்க. ஆனா ரெண்டு பேருமே பெத்தவங்களை மதிக்கத்தான் செஞ்சாங்க, முறைதான் வேற. அந்தக் கோணத்துல பாத்தா…

குறள் 292ஐயும் இங்க யோசிக்கணும். குற்றமில்லாத நன்மை தரும்னா பொய்யும் வாய்மையோட இடத்துல வைக்கப்படும்ங்கிறார். முதல்ல "ஒழுக்கம்"னா என்னன்னு ஒரு வரையறை வெச்சுக்கிட்டுப் பேசலாமா?

ஒட்டுப்பால் (#8)
டீச்சர், அந்தக் கிரேக்கர் பால்ல தண்ணி கலந்தாரா இல்லையா?

292ல "புரைதீர்ந்த"ன்னு ஒரு பூட்டு இருக்கு, அதைத் திறக்காம உள்ள போகாதீங்க. மங்கு கழுவின தண்ணி குளத்துத் தண்ணியா இருந்தா என்ன நடக்கும்னு தெரியுமா? கிருமி ஏறி, பால்ல இருக்கிற சர்க்கரையைத் தின்னு புளிக்க வைக்கும். ஸ்டோர் போய்ச் சேர்றதுக்குள்ள வாளியில கட்டி கட்டியாத் திரளும். தொட்டியில ஊத்தினா மத்த இருபது பேர் பாலையும் சேத்துக் கெடுக்கும். அமோனியா போட்டு நிறுத்திப் பாப்பாங்க, லேட்டாயிட்டா அதுக்கும் அடங்காது. நல்ல பாலுக்கு ஒரு விலை, திரிஞ்ச கட்டிக்கு அதைவிடக் குறைஞ்ச விலை. நஷ்டம் தொரைக்கு மட்டும் இல்ல, பக்கத்து நிரையில மரம் வெட்டறவருக்கும்தான். புரைதீர்ந்த நன்மை எங்க இருக்கு இதுல?

லேப்_கோட் (#9)
சின்னத் திருத்தம். அந்தக் காலம்னு பேசறீங்க, ஆனா கிராம், லிட்டர்ங்கறீங்க. பழைய மெட்ரோலாக்ல கேலனுக்கு எத்தனை பவுண்டுன்னுதான் கோடு இருக்கும். நீங்க சொல்ற 350 அதுல மூணரை. அதோட சூடும் கணக்கு. வெயில்ல சூடான பால் லேசாகும், மிதவை முங்கும், எண்ணு கூடும். கிணத்துத் தண்ணி ஜில்லுன்னு ஊத்தினா எண்ணு குறையும். ரெண்டேகால் ஊத்தாமலே கிராணி குறைக்கலாம். இதை யாரும் சொல்லல.

தராசுமுள் (#10)
பாத்தீங்களா! இன்னொரு வழி. எல்லாம் கிராணி பக்கம்.

லேப்_கோட் (#11)
சூடு ரெண்டு பக்கமும் வேலை செய்யும்னுதான் சொன்னேன். வெயில் வெட்டுக்காரருக்குச் சாதகம். முழுசாப் படிங்க.

செம்பனைப்_பையன் (#12)
பெரியவங்க சண்டைக்கு நடுவுல மன்னிக்கணும். "இப்ப பிள்ளைங்க"ன்னு எங்களை இழுத்ததால வர்றேன். எஸ்.பி.எம். (அஞ்சாம் படிவப் பரீட்சை) நன்னெறிக் கல்விக்கு அப்ப இருந்த 36 நெறியையும் அதோட விளக்கத்தையும் ஒரு வார்த்தை பிசகாம மனப்பாடம் பண்ண வெச்சது யாரு? நாங்களா? நேர்மைக்கு விளக்கம் எழுதினா மதிப்பெண், நேர்மையா இருந்தா ஒண்ணும் இல்ல.

கூட்டு, அதான் சீட்டு, புடிக்கிறதும் பெரியவங்கதான். 1971லேயே சட்டம் போட்டுத் தடை பண்ணியாச்சு. பத்துப் பேர், மாசம் 300 வெள்ளி (ரிங்கிட்), குடம், அதான் மாசாமாசம் ஒருத்தர் எடுக்கிற மொத்தம், 3,000. ரெண்டாவது மாசம் எடுக்கிறவர் கட்டினது 600, கையில வாங்கறது 3,000. அதோட நிறுத்திட்டா 2,400 லாபம். மிச்சம் எட்டு மாசமும் குடத்துல 300 ஓட்டை. கேஸ் போட முடியாது, கூட்டே சட்டவிரோதம். எல்லாம் தெரிஞ்சும் கோயில் வாசல்ல வெச்சுப் பேர் எழுதறாங்க. ஒழுக்கத்தைத் தாமான்ல தொலைச்சோமாம் லா.

பழைய_லயம் (#13)
தம்பி, கூட்டுங்கிறது வாக்கு. லயத்துல ஒருத்தன் கட்டாமப் போனா மறுநாள் அவன் வீட்டு விசேஷத்துக்கு ஒரு ஈ காக்கா போகாது. அந்தப் பயம் இருந்துச்சு. இப்ப வாட்ஸ்அப்ல கூட்டு புடிக்கிறான், ஆள் எந்த ஊருன்னே தெரியாது, நம்பரை மாத்திட்டான்னா முடிஞ்சது. சட்டம் அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. பயம்தான் போச்சு. நான் சொன்னது நிரூபணம் ஆயிடுச்சா?

செம்பனைப்_பையன் (#14)
பயந்துக்கிட்டுக் கட்டினா அதுக்குப் பேரு ஒழுக்கமா அங்கிள்?

நன்னெறி_டீச்சர் (#15)
இது ரொம்ப நல்ல கேள்வி! இங்கதான் வரையறை தேவைப்படுது…

தராசுமுள் (#16)
பயம்னதும் ஞாபகம் வருது. 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல நடந்த வேலைநிறுத்தக் கோரிக்கையில ஒண்ணு என்ன தெரியுமா? தொரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கணும்ங்கிற வழக்கத்தை நிறுத்தணும்னு. அன்னைக்கு இறங்காதவன் திமிர் புடிச்சவன், ஒழுக்கம் கெட்டவன். கள்ளுக்கடையை மூடச் சொன்னதும் அதே தொழிலாளிங்கதான், தொரை இல்ல. இன்னைக்குச் சைக்கிளை விட்டு இறங்கறவனைப் பாத்தா நாமளே சிரிப்போம். ஒழுக்கம் மாறுச்சா, மாறலையா?

பழைய_லயம் (#17)
சைக்கிள் மரியாதை. தண்ணி களவு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க. மரியாதை மாறும், களவு மாறாது.

தராசுமுள் (#18)
அப்ப ரெண்டேகால் களவா இல்லையா? ஆமா, இல்லை. ஒரு வார்த்தை போதும்.

பழைய_லயம் (#19)
எந்தக் கிராணி ஊத்தினான்னு ஆதாரம் இருக்கா?

தராசுமுள் (#20)
எந்த வெட்டுக்காரன் ஊத்தினான்னு ஒட்டுப்பால்கிட்ட மட்டும் ஆதாரம் கேட்டீங்களா?

ஒட்டுப்பால் (#21)
என்னை ஏன் இழுக்கறீங்க? நான் ஆளைச் சொல்லல, வழியைச் சொன்னேன்.

சரி, அன்னைக்குச் சமாச்சாரத்தை விடுங்க. இப்ப என்ன நடக்குது? பால் சேத்து எடுத்துட்டுப் போறவங்க குறைஞ்சுட்டாங்க. சின்னத் தோட்டக்காரர்ல பெரும்பாலான பேர் மங்குலயே உறைய விட்டுக் கட்டியாத்தான் விக்கிறாங்க. உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் போடணும்னு ரப்பர் வாரியம் தொண்டை கிழியச் சொல்லுது. சிலர் போடறது கந்தக அமிலம், விலை மலிவு. அதுல உறைஞ்ச கட்டி தண்ணியை உள்ள புடிச்சு வெச்சுக்கும், எடை நிக்கும். ரப்பர் சீக்கிரம் இளகிப் போற குணத்துக்கு வந்துடும், மரப்பட்டையும் வேகும், மங்கை எடுக்கிற கையும் வேகும். விக்கிறதுக்கு முதல் நாள் கட்டியைத் தண்ணியில ஊறப் போடறது இன்னொண்ணு. மரச்சீவல், மணல் உள்ள வெச்சு உறைய விடறது இன்னொண்ணு. எஸ்.எம்.ஆர். 20ங்கிற மலேசியத் தர ரப்பர் ரகத்துல அழுக்கு 0.16 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கட்டிக்குள்ள மணல் இருந்தா ஆலைக்காரன் வெட்டி, அரைச்சு, கழுவியே சாகணும்.

வாங்கறவன் என்ன பண்றான்? மெட்ரோலாக்கை முக்கிப் பாக்க இது பால் இல்ல. கண்ணால பாத்து, கையால அழுத்திப் பாத்து, காய்ஞ்ச ரப்பர் ஐம்பது விழுக்காடுங்கறான். ஈரமா இருந்தா நாப்பத்தஞ்சு. எல்லாரும் ஊறப் போடறாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாருக்குமே நாப்பத்தஞ்சு. ரெண்டு மூணு நாள் தட்டுல வெச்சு வடிய விட்டு ஒழுங்காக் கொண்டு வர்றவனுக்கும் நாப்பத்தஞ்சுதான். அப்பறம் அவன் எதுக்கு வடிய விடணும்? அவனும் ஊறப் போடறான். "அவனவன் நியாயம்" எங்க போய் முடியும்னு கேட்டீங்கன்னா இங்கதான் முடியும், தராசுமுள் ஐயா. உங்க பூஜ்யம் பூஜ்யமா நிக்காது. கீழ போகும்.

பழைய_லயம் (#22)
அதாவது அன்னைக்கு நல்லா இருந்துச்சு, இன்னைக்குக் கெட்டுப் போச்சுன்னு ஒத்துக்கறீங்க. சந்தோசம்.

ஒட்டுப்பால் (#23)
எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? அன்னைக்குத் தண்ணி வாளியில இருந்துச்சு, இன்னைக்குக் கட்டிக்குள்ள இருக்கு. இடம்தான் மாறியிருக்கு. அளக்கற ஆள் இருந்தவரைக்கும் கலப்பு கட்டுக்குள்ள இருந்துச்சு. குணம் இல்ல, மெட்ரோலாக்.

தராசுமுள் (#24)
அளக்கற ஆள் ரெண்டேகால் ஊத்தற ஆளா இருந்தா?

ஒட்டுப்பால் (#25)
மறுபடியுமா! ஒரு கிண்ணத்துல தனி மாதிரி எடுத்து, அமிலம் விட்டு உறைய வெச்சு, தகடா அழுத்திக் காய வெச்சு நிறுத்துப் பாத்தா கிராணி வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும். சீனக் கடைக்காரன் அப்படித்தான் பாத்து வாங்கினான். முழுசாக் காயாம நிறுத்தா எடை கூடும், கருகினா குறையும், அதையும் பாத்துக்கணும். வழி இருந்துச்சு.

தராசுமுள் (#26)
வழி இருந்துச்சு. அந்தத் தராசு யார் கையில இருந்துச்சு?

லேப்_கோட் (#27)
மாதிரியில மரவள்ளி மாவு கலந்திருந்தா அந்த முறையிலயும் ஏமாறலாம், சரியா அலசலன்னா. மெட்ரோலாக்ல மாவு செல்லாது, தண்ணியை விட கனம், எண்ணு இன்னும் குறையும். சும்மா தகவலுக்கு.

பழைய_லயம் (#28)
இப்ப மாவும் வந்துடுச்சா? அடுத்தது என்ன, சிமெண்டா? எங்க தாத்தா பாட்டி சனமே கலப்படக் கும்பல்னு எழுதி முடிச்சுட்டீங்க. நல்லா இருங்க.

நன்னெறி_டீச்சர் (#29)
வரையறையைப் பத்தி நான் கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலையே.

செம்பனைப்_பையன் (#30)
டீச்சர், 36ல எத்தனாவது நெறி அது?

ஒட்டுப்பால் (#31)
லயம் ஐயா, போறதுக்கு முன்னாடி மங்கு கழுவின தண்ணிக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க. #3லேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன்.

பழைய_லயம் (#32)
அது கழுவின தண்ணி. கலந்த தண்ணி இல்ல.