பிஸிபாக்ஸ் பெட்டி: ஐபி= கொடுத்தும் ஈத்0-க்கு முகவரி ஏறவில்லை

பட்டர்வொர்த்:
வணக்கம். மாமா கடையில் விலைப்பட்டியல் காட்ட ஒரு பழைய மினி பிசி. நானே கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுதி), உள்ளே பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய ஒரே நிரல்), அவ்வளவுதான். டிஎச்சிபி கிளையன்ட் (முகவரியைத் தானாகக் கேட்டு வாங்கும் நிரல்) வேண்டாமென்று, கிரப் (பூட் லோடர்) கெர்னலுக்குத் தரும் வரியிலேயே முகவரியைக் கொடுத்தேன்:

ஐபி=192.168.1.50::192.168.1.1:255.255.255.0:கடை:ஈத்0:ஆஃப்

பூட் ஆனதும் ஈத்0 (நெட்வொர்க் கார்டு) தெரிகிறது, முகவரி இல்லை. டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவு) 'ஐபி-கான்ஃபிக்' என்று ஒரு வரிகூட இல்லை. கோலன் ஏதும் தவறா?

செந்தூல்:
கோலன் எல்லாம் சரி தம்பி. இரண்டாவது இடம் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) சர்வருக்கு, காலியாக விடலாம். ஒரு வரிகூட இல்லை என்பதுதான் இடிக்கிறது. கெர்னலுக்குப் புரியாத 'பெயர்=மதிப்பு' எல்லாம் இனிட்டுக்கு (கெர்னல் முதலில் ஓட்டும் நிரல்) சூழல் மாறியாகப் போய்விடும். அதன் சூழல் மாறிகள் இருக்கும் /ப்ராக்/1/என்விரான் திறந்து பாருங்கள்.

பட்டர்வொர்த்:
அண்ணே, ஐபி= முழுசாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது!

செந்தூல்:
அப்படியானால் கெர்னலில் அந்த வசதியே இல்லை. மெனுகான்ஃபிக்கில் (கெர்னல் அமைப்புப் பட்டியல்) நெட்வொர்க்கிங் ஆப்ஷன்ஸ், டிசிபி/ஐபிக்குக் கீழே 'ஐபி: கெர்னல் லெவல் ஆட்டோகான்ஃபிகரேஷன்' இருக்கும். அதை ஒய் (கெர்னலுக்குள்ளேயே சேர்) போடுங்கள். நிலையான முகவரிதானே, அதற்குள் இருக்கும் டிஎச்சிபி, பூட்பி (அதுபோன்ற பழைய முறை) தேவையில்லை.

பட்டர்வொர்த்:
போட்டுக் கம்பைல் செய்தாயிற்று. இப்போது பூட் 12 விநாடி போல் நிற்கிறது, பிறகு 'ஈத்0 கிடைக்கவில்லை' என்கிறது. ஷெல்லுக்குள் போனால் ஈத்0 இருக்கிறதே?

பிரிக்பீல்ட்ஸ்:
உங்கள் இனிட் ஸ்கிரிப்டில் மோட்ப்ரோப் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) இருக்கிறதா? கெர்னல் ஐபி போடுவது இனிட் ஓடுவதற்கு முன்னாலேயே. டிரைவர் மாட்யூலாக (பிறகு தனியாக ஏற்றும் கோப்பாக) இருந்தால் அந்த நேரத்தில் கார்டே கிடையாது, காத்திருந்து கைவிட்டுவிடும். டிரைவரை எம் (மாட்யூல்)-இலிருந்து ஒய்-க்கு மாற்றுங்கள். இன்டெல் கார்டா?

பட்டர்வொர்த்:
ஆமாம், இ1000இ. மோட்ப்ரோப் வரியும் இருக்கிறது. மாற்றிப் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த்:
'ஐபி-கான்ஃபிக்: கம்ப்ளீட்' வந்துவிட்டது! ரவுட்டருக்குப் பிங் போகிறது. ரொம்ப நன்றி. ஆனால் தளத்தின் பெயர் கொடுத்து டபிள்யூகெட் (கோப்பு இறக்கும் கட்டளை) செய்தால் மட்டும் போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸ்:
ஐபி= வரியில் எட்டாவது இடம் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சர்வர்). ஆஃப்-க்குப் பின் :192.168.1.1 சேருங்கள், ரவுட்டரே டிஎன்எஸ் கொடுத்தால். கெர்னல் அதை /ப்ராக்/நெட்/பிஎன்பி-யில் எழுதி வைக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கோப்பு ரிசால்வ்.கான்ஃப் (நிரல்கள் டிஎன்எஸ் முகவரியைத் தேடும் கோப்பு) வடிவிலேயே இருக்கும். அதனால் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப்-ஐ அதற்கு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஆக்கினால் போதும். /ப்ராக் மவுண்ட் (கோப்பகமாக இணைப்பு) ஆகியிருக்க வேண்டும்.

பட்டர்வொர்த்:
போகிறது. விலைப்பட்டியல் திரையில் வந்துவிட்டது.