ஜப்பான்காரன் காலத்துச் சீட்டுக்கட்டு, டிசைன் ஐடியா வேணும்

சிப்புட்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். தீபாவளிக்கு எங்க குடும்பம் மொத்தமும் சுங்கை சிப்புட்ல சேரும், சேர்ந்தா விடிய விடிய ரம்மிதான், அதனால இந்த வருஷம் சொந்தமா ஒரு கட்டு அடிக்கலாம்னு இருக்கேன், தீம் ஜப்பான்காரன் மலாயாவ ஆண்ட காலம். தாத்தா ரப்பர் தோட்டத்துலேர்ந்து, ஜப்பான்காரன் சயாம்ல போட்ட ரயில் பாதை வேலைக்குப் போயி உசுரோட திரும்பி வந்தவரு. 52 சீட்டு, 2 ஜோக்கர். பழைய போட்டோவ வச்சுப் பாத்தேன், சின்னதாக்கினா கறுப்பா மொத்தையா தெரியுது. பின்பக்கம் ஜப்பான் சூரியக் கொடி போடலாமா?

கிந்தா_பிரிண்டிங்:
கொடி வேணாம் தம்பி, பக்கத்து வீட்டு சீனத் தாத்தா பாத்தா என்ன நெனப்பாரு. பின்பக்கம் தலைகீழா திருப்புனாலும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா அடையாளம் வச்சு ஆடுவானுங்க. தண்டவாளம் போடு, சரியா வரும். போட்டோவ விட்டுட்டு ரெண்டே கலர்ல லைன் டிராயிங். சைஸ் 63க்கு 88 மில்லிமீட்டர், சுத்தி வெட்டுறதுக்கு 3 மில்லி பிளீட் ஓரம், பேப்பர் கனம் 300 ஜிஎஸ்எம், நடுவுல கறுப்பு லேயர் இருக்கான்னு கேட்டுக்க, வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் தெரியாது.

பால்மரம்77:
நாலு சின்னத்தையும் மாத்தாதீங்கண்ணே, அர்த்தத்த மட்டும் மாத்துங்க. கிளாவருக்கு மூணு இலை, ரப்பர் இலையும் மூணு மூணாத்தானே இருக்கும், அதுதான் தோட்டம். இஸ்பேடு மம்பட்டி, அது சயாம். டைமன் சைக்கிள் பிரேம், ஜப்பான்காரன் 1941 டிசம்பர்ல கோத்தா பாருல எறங்கி சைக்கிள்லதானே கீழ வந்தான், டயர் வெடிச்சா வெறும் ரிம்முலயே மிதிச்சான். ஆட்டின் ஜான்சி ராணிப் படை, நேதாஜியோட பொம்பளைங்க படை. ஆட்டின் ராணியா அத நடத்துன கேப்டன் லட்சுமி, இன்னொரு சீட்டு அதே படையில இருந்த நம்ம மலாயா ஜானகி ஆதி நாகப்பனுக்கு, தோட்டத்துப் பொண்ணுங்களும் துப்பாக்கி புடிச்ச படை அது, அத விட்டுட்டு என்ன தீம்.

லயத்து_வீடு:
ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா சயாம் எனக்கு ஒப்பல. 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சானுங்க, அதுக்குள்ள காலராவுலயும் பட்டினியிலயும் எத்தன தமிழன் போனான். எங்க பாட்டன் அங்கேயே போயிட்டாரு. அவரு செத்த எடத்த நான் மேசையில ஓங்கி அடிச்சு ஆட்டம் ஜெயிக்கணுமா? போட்டே ஆகணும்னா இஸ்பேடு ஆஸ்ல தண்டவாளத்துக்கு அடியில போடுற சிலிப்பர் கட்டை மட்டும் போடுங்க, ஆளு வேணாம். மத்த இஸ்பேடுல மம்பட்டி, கூடை போதும்.

கட்ட_வண்டி:
லயத்து வீட்டு அண்ணன் சொல்றது சரி. ஜோக்கருக்கு ஜப்பான்காரன் இங்க அடிச்சு விட்ட, வாழமரம் போட்ட 10 டாலர் நோட்டு லா! ரம்மில ஜோக்கர் எதுக்கும் ஆகும், அந்த நோட்டு 1945ல எதுக்கும் ஆகாம போச்சு. (சும்மா ஒரு சேதி, அந்தச் சண்டையில ஜெர்மன்காரன் கேம்ப்ல இருந்த கைதிங்களுக்கு அனுப்புன சீட்ட தண்ணில நனைச்சு உரிச்சா உள்ள தப்பிச்சுப் போற மேப் இருக்குமாம். நீ அத பண்ணாத, காசு தாங்காது.)

சிப்புட்_பையன்:
அண்ணே, மன்னிச்சுக்குங்க, இஸ்பேடு ஆஸ் நீங்க சொன்ன மாதிரியே, ஆளு இல்லாம. கொடியும் போச்சு. ராஜாவுக்கு வெள்ளக்காரத் தொரை வேணாம்னு அம்மா சொல்றாங்க, ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே ஓடுனவருக்கு என்ன கிரீடம்னு, அதனால கிளாவர் ராஜாவுல பங்களா வாசல்ல காலி நாற்காலி மட்டும் போடுறேன். ஜாக்கிக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கல.

பால்மரம்77:
கிராணி, நம்ம தோட்டத்துக் கணக்குப்புள்ள. கக்கத்துல ஆளு வந்தத பதியுற செக்ரோல் புக்கு.

கட்ட_வண்டி:
எந்தக் கொடி வந்தாலும் காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்கு அவருதான் பேரு கூப்பிட்டாரு 😂 நாலு ஜாக்கியும் அவரே.