புரட்டாசியில் சீனக் கடை, 12 பேர், பாதிப்பேர் சைவம்: என்ன ஆர்டர் பண்ணுவது?

பால்வாளி:

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கம் இருக்கும் சுங்கை சிப்புட் பக்கத்து ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மாவுக்கு அடுத்த மாதம் 70 வயது. எங்கே சாப்பிடப் போகலாம் என்று கேட்டால் வாழையிலைக் கடை வேண்டாம், ஈப்போவில் ஹோட்டல் வேண்டாம், "அந்தச் சீனன் கடைக்குப் போவோம்" என்கிறார். பெயர் சொல்லாமலே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பழைய கடைவரிசை, வட்ட மேசை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கல்லாவில் கிழவர் தவுக்கே (முதலாளி), உள்ளே அடுப்பில் அவர் மகன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை அங்கேதான் கூட்டிக்கொண்டு போவார். நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு வாட் தான் ஹோர் (குழம்பு ஊற்றிய அகல அரிசி நூடுல்ஸ்), பன்றி வேண்டாம் கோழி போடு என்று சொல்லி வாங்குவது, ஆளுக்கொரு தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ), அவ்வளவுதான். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. பால்மரக் காடு செம்பனைத் தோட்டமாகி, நாங்கள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். கடை மட்டும் அப்படியே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் பிறந்தநாள் புரட்டாசியில் வருகிறது. அம்மாவும் அண்ணியும் மாதம் முழுக்கச் சைவம். தங்கை வீட்டுக்காரர் பிறவியிலேயே சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். பிள்ளைகளோ கோழி இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்ததும் போகலாமே என்றேன். "நான் திங்கிறதுக்கா போறேன்" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அந்த மாதிரிக் கடையில் நிஜமான சைவம் கிடைக்குமா? கீரை கேட்டாலும் பன்றிக் கொழுப்பில்தான் பிரட்டுவார்கள் என்று அண்ணி பயமுறுத்துகிறார். 12 பேருக்கு எத்தனை தட்டு சொல்லணும்? கேக் கொண்டுபோனால் ஏதாவது சொல்வார்களா?

லிந்தாங் ரோட்:

அக்கா, நீங்கள் சொல்லும் கடை தெரியும், என் கல்யாணப் பேச்சே அந்த மேசையில்தான் முடிந்தது. சனி ஞாயிறு மட்டும் போகாதீர்கள், ஏழு மணிக்கு மேல் கூட்டம், யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. வாரநாளில் ஆறரைக்கே போய் உட்காருங்கள். அதற்கு முதல் நாள் நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது, போனில் சொன்னால் எடுப்பவர் எழுதி வைப்பாரா என்று சொல்ல முடியாது. கேக் கொண்டுபோகலாம், ஐஸ் பெட்டியில் அவர்களே வைத்துக்கொள்வார்கள், கத்தி மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள், இல்லாவிட்டால் கோழி வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து வைப்பார்கள், பட்டவன் சொல்கிறேன்.

தே தாரிக் மன்னன்:

கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் புரட்டாசியில் 70 வயது அம்மாவைப் பன்றி சமைக்கும் கடைக்கு அழைத்துப்போவது எனக்கு ஒத்துவரவில்லை. ஊரில் நம்ம ஆள் கடை எத்தனை இருக்கிறது, அங்கே போனால் இந்தக் கேள்வியே வராது. இன்னொன்று பில். போன வருடம் வேறு ஊரில் ஒரு சீனக் கடையில் உட்கார்ந்ததும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் கொண்டுவந்து வைத்தார்கள், சும்மா என்று நினைத்து எட்டு பேரும் பிரித்தோம், கடைசியில் அதற்குத் தனிக்காசு, டீக்குத் தலைக்கு இவ்வளவு, அதற்குமேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். தண்ணி ஊற்றியவன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

லிந்தாங் ரோட்:

மன்னன் அண்ணே, கடலை வேண்டாம் என்றால் "தா மாவ்" என்று தட்டைத் தள்ளிவிட்டால் போச்சு, பில்லில் வராது, பெரும்பாலான கடையில் உள்ள வழக்கம்தான். சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் வைப்பது, அரசாங்க வரி வேறு. சாப்பாட்டுக் கடைக்கு வரி 6 சதவீதம், அதுவும் வருட வியாபாரம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைதான் பதிந்து வாங்கணும். நம் ஊர்க் கடையில் இரண்டுமே கிடையாது, சின்னத் துண்டுச் சீட்டில் பேனாவால் கூட்டிக் கொடுப்பார்கள்.

குவாலிப்புகை:

நான் ஈப்போவில் ஒரு தாய் சாவ் கடையின் (கேட்டதை உடனே பிரட்டிக் கொடுக்கும் சீனக் கடை) பின்பக்கம் நாலு வருடம் கிடந்தவன். முதலில் காய் வெட்டினேன், அப்புறம் அடுப்புக்காரருக்கு எடுத்துக் கொடுத்தேன், கடைசி வருடம் சோறு பிரட்ட விட்டார்கள். உங்கள் அண்ணி சொல்வது பாதி சரி. இன்று பல கடைகளில் குவாலியில் (பிரட்டும் இரும்புச் சட்டி) ஊற்றுவது பாமாயில்தான், நம் ஆட்கள் வெட்டிப் போட்ட குலையில் வந்த எண்ணெய். ஆனால் மீ (நூடுல்ஸ்) என்று வந்துவிட்டால், அதுவும் கறுப்பு ஹொக்கியன் மீயென்றால், பன்றிக் கொழுப்பும் அதைப் பொரித்த துண்டும் போடாமல் செய்ததைப் பழைய சமையல்காரர் மீ என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்.

நீங்கள் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாமல் விழும் சாமானுக்கு. அடுப்புப் பக்கத்தில் ஒரு அண்டா எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும், எலும்பு போட்ட தண்ணி, கீரையோ தவ்ஃபுவோ (டோஃபு) எது பிரட்டினாலும் அதிலிருந்து ஒரு கரண்டி போகும். கை பழகிப்போய் அதுவாகவே அள்ளும், வேண்டுமென்று செய்வது இல்லை. பச்சைக் கீரை என்றால் மேலே சிப்பி சோஸ். கங்குங் கீரை என்றால் பெலாச்சான், அது இறாலை அரைத்துச் செய்தது. தவ்ஃபு சட்டி என்று கேட்டால் கடைசியில் அழகுக்குக் கொத்துக்கறி தூவித்தான் வரும். பொரிக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதனால் சைவக்காரருக்குப் பொரித்தது எதுவும் சொல்லாதீர்கள்.

அதனால் "சாயோர்" என்று கேட்டால் போதாது. மலாயில் சாயோர், கான்டனீஸில் சோய், இரண்டுக்கும் காய்கறி என்றுதான் அர்த்தம், சைவம் என்று அர்த்தம் இல்லை. கீரை கேட்டார்கள், கீரை கொடுத்தோம், அதில் இறால் இருந்தால் என்ன என்பார்கள். கேட்கவேண்டிய சொல் "ஜாய்". "சிக் ஜாய்" என்றால் சைவம் சாப்பிடுபவர். ஹொக்கியன்காரர் என்றால் "சியா சாய்". அந்தச் சொல் விழுந்ததும் முகமே மாறும், ஏனென்றால் அவர்கள் வீட்டிலேயே சீன மாதம் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் யாராவது ஒருவர் ஜாய் இருப்பார். எலும்புத் தண்ணியும் சிப்பி சோஸும் தானாக நிற்கும். கூடவே பூண்டும் வெங்காயமும் நின்றுவிடும், அவர்கள் சாமிக்கு அதுவும் ஆகாது. பூண்டு வேண்டும், முட்டை வேண்டாம் என்பதையெல்லாம் நீங்கள்தான் தனியாகச் சொல்லணும். சிப்பி சோஸுக்குப் பதில் காளானில் செய்த சோஸ் இருக்கிறது, கடையில் இல்லாவிட்டால் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கோபப்படமாட்டார்கள்.

இப்போது அம்மாவின் வாட் தான் ஹோர். அந்தப் பெயரிலேயே முட்டை இருக்கிறது, "தான்" என்றால் முட்டை, வழவழ முட்டை ஊற்றிய ஹோர் ஃபன். முட்டை இல்லாமல் அதைக் கேட்டால் சமையல்காரர் சிரிப்பார். ஆனால் அந்தக் குழம்பு கெட்டியாவது முட்டையால் இல்லை, மாவுத் தண்ணியால். காளான் ஊறவைத்த தண்ணியில் சோயா சோஸும் வெள்ளை மிளகும் போட்டு மாவு கரைத்து ஊற்றினால் அதே வழவழப்பு வரும். ஹோர் ஃபன்னை முதலில் காய்ந்த குவாலியில் கறுப்பு சோயா சோஸ் விட்டு ஓரம் கருகுகிற அளவு பிரட்டணும், வாசனை முழுக்க அங்கேதான் வருகிறது, முட்டையில் இல்லை. சைவத் தட்டுகளை முதலில் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் எப்படியும் தண்ணி ஊற்றித் தேய்ப்பார்கள், இன்னொரு முறை நன்றாகத் தேய்த்துப் புதுக் கரண்டி எடுக்கச் சொன்னால் செய்வார்கள்.

மற்றபடி சீனக் காளான் போட்ட தவ்ஃபு சட்டி, தாமரைக் கிழங்கும் பட்டாணிக் காயும் கறுப்புக் காளானும் சேர்த்த பிரட்டல், புளித்த தவ்ஃபு போட்ட யாவ் மாக் கீரை. கடைசியாகச் சொன்னது கருவாடு மாதிரி ஒரு வாடை அடிக்கும், மாப்பிள்ளை ஏமாந்துபோவார், ஆனால் சைவம்தான். நாலு சைவம், நாலு கறி, எல்லாம் நடுத்தர அளவு, சோறு தனி. பிள்ளைகளுக்கு மார்மைட் கோழி. மீன் சொன்னால் 100 கிராம் என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள், தொட்டியில் பிள்ளைகள் கை காட்டும் மீன் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

பால்வாளி:

அண்ணே, இதைப் படித்துக் காட்டியதும் அண்ணி ஒன்றும் பேசவில்லை, அதுவே பெரிய விஷயம். ஜாய், சோய் இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளாமல் இருக்கணும், கையில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

பழைய கிராணி:

தே தாரிக் மன்னன் தம்பிக்கு ஒரு வார்த்தை. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளைச் சுட்டதில் தொடங்கியது அவசரகாலம், நம் ஊரில்தான். நான் அதற்குப் பிறகு பிறந்தவன், அப்பா சொல்லிக் கேட்டதுதான். காட்டோரம் இருந்த சீனர்களைக் கம்பி வேலிக்குள் புதுக் கிராமம் என்று கொண்டுவந்து வைத்தார்கள், நம் லயங்களுக்கும் வேலி வந்தது. காலையில் வேலைக்குப் போகிறவன் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறானா என்று கேட்டில் தடவிப் பார்ப்பார்களாம், காட்டுக்குள் இருக்கும் கெரில்லாவுக்குப் போய்விடும் என்று. அந்தப் பசியை இரண்டு வேலிக்குள்ளும் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

என் காலத்தில் தோட்டத்துக் கடன் பாதி சீனர் மளிகைக் கடையின் 555 நோட்டில் (கடன் எழுதும் சின்னக் கணக்கு நோட்டு) இருந்தது. சம்பளநாளில் அதைக் கட்டிவிட்டு மிஞ்சினதில்தான் மீ. அந்த மாதிரிக் கடை தவுக்கேகள் "கடன் நாளை" என்பதைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள், "சாப்பிட்டாச்சா" அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது. பல சீனர் வீட்டில் குவான் யின் அம்மனுக்காக மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், அதனால் கடையிலும் சமைக்கமாட்டார்கள். மாடு இல்லாத கடை என்றுதான் என் அம்மா முதலில் உள்ளே கால் வைத்தார்.

அம்மா பால்வாளி, இன்னொன்றும் இருக்கிறது. சீனர்களின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் கியூ ஓங் யா (ஒன்பது பேரரசர் சாமி) திருவிழா, வெள்ளை உடுத்தி ஜாய் இருப்பார்கள். நமக்கு நவராத்திரி எந்த அமாவாசைக்குப் பிறகு தொடங்குகிறதோ பல வருடங்களில் அவர்களுக்கும் அதே அமாவாசைதான். அவர்கள் ஆண்டில் ஒரு மாதம் கூடினால்தான் தள்ளிப்போகும். உங்கள் நாள் அதில் விழுந்தால் சில கடைகளில் மஞ்சள் கொடி கட்டியிருக்கும், ஜாய் சமையல் தனியாகவே ஓடும், நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தே தாரிக் மன்னன்:

ஐயா, மாட்டிறைச்சி விஷயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் நான் போகமாட்டேன், ஆனால் பால்வாளி அக்கா போவதைப் பற்றி இனி பேசமாட்டேன்.

பால்வாளி:

போய்வந்துவிட்டோம், புதன்கிழமை. மஞ்சள் கொடி இல்லை, நாங்கள் போனது நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால். முதல் நாள் தம்பி போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான், ஆனாலும் நான் உட்கார்ந்ததும் "சிக் ஜாய், ஐந்து பேர்" என்றேன், ஆர்டர் எடுத்த ஆசோ (சீன அம்மா) என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி ஏதோ கத்தினார், அடுப்பிலிருந்த மகன் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். சரியாகச் சொன்னேனா தப்பாகச் சொன்னேனா இன்றுவரை தெரியாது, ஆனால் வந்த தட்டில் தப்பில்லை.

முட்டை இல்லாத ஹோர் கேட்டதும் அவர் சிரிக்கத்தான் செய்தார், குவாலிப்புகை அண்ணே சொன்ன மாதிரியே. காளான் தண்ணி யோசனையைத் தம்பி மலாயில் விளக்கினான், "தாவ் லா, தாவ்" (தெரியும், தெரியும்) என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். ஓரமெல்லாம் கருகி, குழம்பு கண்ணாடி மாதிரி வந்தது. அம்மா கரண்டியால் குழம்பை வழித்து முதலில் பேரப்பிள்ளைகள் தட்டில் ஊற்றினார், அவர்கள் கோழிக்கு மேல் ஊற்றிவிட்டார் என்று சத்தம் போட்டார்கள், அப்புறம் தன் கரண்டி கோழியில் பட்டுவிட்டது என்று இவரும் சத்தம் போட்டு வேறு கரண்டி வாங்கினோம். புளித்த தவ்ஃபு கீரையை மாப்பிள்ளை மோந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். அண்ணிதான் முழுத் தட்டையும் முடித்தார்.

பில் 296 வெள்ளி (ரிங்கிட்). கடலைக்கும் போட்டிருந்தார்கள், நாங்கள் சாப்பிட்டோம், அதனால் சரி. கிளம்பும்போது கிழவர் தவுக்கே அம்மாவிடம் தமிழில் "வீட்டுக்காரரு?" என்று கேட்டார். அம்மா கையை மேலே காட்டினார். அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, மிச்சமிருந்த ஹோரைத் தாப்பாவ் (பார்சல்) கட்டக் கடைக்குள்ளே எடுத்துக்கொண்டு போனார், பையனிடம் கொடுக்காமல்.

இப்போது அம்மா அந்தக் காளான் சோஸ் வாங்கி வா என்கிறார், வீட்டில் செய்து பார்க்கணுமாம். எங்கே கிடைக்கும்?

குவாலிப்புகை:

சீனர்களின் சாமிச் சாமான், ஊதுபத்தி விற்கும் கடைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு ஜாய் சாமான் கடை இருக்கும், அங்கே கேளுங்கள். பேரங்காடியிலும் சோஸ் வரிசையில் இருக்கும். போத்தலில் சிப்பிப் படம் இல்லாமல் காளான் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். உப்பு அதிகம், முதல் தடவை அரைக் கரண்டிக்கு மேல் ஊற்றவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.